தறிக்குழித் தண்ணீருக்கு என்ன நிறம்?

2021 நவம்பர். கொரோனா புண்ணியத்தில் திருப்பருத்திக்குன்றத்து வீட்டிலிருந்தே கோட் எழுதிக்கொண்டிருந்தேன். 19ஆம் தேதியை ஒட்டிப் பாலாற்றில் பெருவெள்ளம். தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதேதான்: பாலம், தடுப்பு, போலீஸ், வேடிக்கை பார்க்கும் கூட்டம். எங்கள் தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் சித்தப்பாவின் தறிக்குழியில் முழங்கால் அளவு நின்றது.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நெசவாளர் தரையோடு உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார். விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது தண்ணீர் வாசல் வழியாக வராது. குழியின் அடியிலிருந்து ஊறும். சொம்பால் இறைத்துக் கொட்டிவிட்டுப் படுத்தால், காலையில் மறுபடியும் அதே அளவு நிற்கும். குழி காய்ந்தாலும் முடிந்ததா? ஈரக்காற்றில் பட்டுப் பாவின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், அறும். சாயம் ஏற்றிய பட்டு உலர வேண்டும். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் வெயில் வேண்டும். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்றுதான். தறி நின்றால் கூலியும் நின்றது.

"மழ நின்னுட்டா எல்லாம் முடிஞ்சிடுச்சின்னு நெனைக்கிறானுங்க. நின்னப்புறம் பத்து நாளு ஆவும்டா, கால உள்ள வெக்க" என்றார் சித்தப்பா.

கணக்கெடுக்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர், அவசரத்தில் இருந்தார். சுவர் இடிந்ததா, கூரை போனதா, மாடு செத்ததா என்று கேட்டார். சித்தி குழியைக் காட்டினாள். எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஊத்துத் தண்ணிம்மா, வெள்ளம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த படிவத்தைத்தான் குறை சொல்கிறேன். மாநிலப் பேரிடர் நிதிக்கான விதிமுறைகளில் கைத்தறி நெசவாளர் இல்லாமல் இல்லை. 2022 முதல் 2026 வரைக்கான பட்டியலில், சேதமான கருவிக்கு 5,000 ரூபாய். வீணான மூலப்பொருளுக்கோ பாதி முடிந்த சரக்குக்கோ இன்னொரு 5,000. அதற்கு அதிகாரியின் சான்று வேண்டும். சித்தப்பாவின் தறி உடையவில்லை, நின்றது. பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. சித்தப்பா இழந்தது நாட்களை. நாட்களுக்கு அந்தப் பட்டியலில் வரி கிடையாது.

எச்சரிக்கையிலும் இதே கோளாறு. 24 மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் வானிலைத் துறைக்கு அது அதிகனமழை. சிவப்பு எச்சரிக்கை, பள்ளி விடுமுறை, படகுகள் தயார் என்று எல்லாம் ஓடும். 64.5க்குக் கீழே கனமழை என்ற பெயர்கூடக் கிடையாது. தறிக்கோ ஒரு நாள் கொட்டித் தீர்க்கும் மழையைவிடப் பன்னிரண்டு நாள் தூறல்தான் எமன். அந்தத் தூறலுக்கு நிறமே இல்லை. எங்கள் தொழிலில் இப்படி ஒரு அலர்ட் வைத்தால், சர்வர் பச்சையாக இருக்கும், வாடிக்கையாளர் கதறிக்கொண்டிருப்பார். வைத்தவனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று சொல்ல வரவில்லை. 2022 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பஃபலோவைப் பனிப்புயல் தாக்கியது. வரப்போவது முன்பே தெரியும். ஆனாலும் வாகனத் தடை அமலுக்கு வந்தது காலை ஒன்பதரைக்கு. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வண்டிகளிலும், நடுத்தெருவிலும், மின்சாரம் போன வீடுகளிலும். போகாவிட்டால் கூலி போய்விடும் என்பவனுக்கு அறிவிப்பு நேரத்துக்கு வரவில்லை. பனியோ மழையோ, அவசரம் என்பதை வரையறுப்பவர் மாதச் சம்பளக்காரர். நானும் அந்தக் கட்சிதான், மழை நாளில் சூடாகக் காபியோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தவன்.

'குழியை விட்டுட்டு மேலே நிற்கிற தறிக்கு மாறலாமே' என்பார்கள். இடம் யார் தருவது, பணம் யார் தருவது? வேகவதிக் கரையோரக் குடும்பங்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி கட்டினார்கள். இரண்டாம் மாடியில் குழி எங்கே தோண்டுவது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

வழி தெரியாத அரசும் அல்ல இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023இல் அறிவித்தார்கள். போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் படகு உடைந்ததா, வலை கிழிந்ததா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தொழில் நிற்கும் என்று காலண்டருக்கே தெரியும், பணம் போகிறது. வடகிழக்குப் பருவமழையும் ஒவ்வொரு அக்டோபரிலும் காலண்டரில்தான் இருக்கிறது. காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு அதே கணக்கைப் போட என்ன தடை?

அது வரும்வரைக்கும் படிவத்தில் ஒரு கட்டமாவது கூடுதலாகப் போடுங்கள்: தறி எத்தனை நாள் நின்றது? சித்தப்பா அந்த வருடத்துக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். நவம்பரில் மட்டும் இருபத்திரண்டு கோடுகள்.