வாடகை வீடும் விஷவாயுவும்

மைசூர் ஜில்லா பிரியாபட்டணத்தில் 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஸ்நானம் செய்யச் சென்ற சகோதரிகள் இருவர் பிணமாகவே வெளியே கொண்டுவரப்பட்டனர். கேஸ் கீஸரிலிருந்து வந்த விஷவாயுவே காரணமென்று பத்திரிகைகள் தெரிவித்தன. 2020 ஜனவரியில் பம்பாய் போரிவ்லியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இவ்விதமே மாண்டாள். தூரத்துச் செய்திதானே என்று நாஞ்சில் நாட்டார் வாளாவிருத்தல் தகாது. தேசமெங்கும் விலையாகும் இக்கருவி நாகர்கோவிலுக்கு மட்டும் வராதிருக்குமா?

முன்னாளில் நம் பக்கத்து வெந்நீரடுப்பு புறக்கடையில் இருந்தது. சிரட்டையும் கொதும்பும் எரிந்தன. புகை கண்ணைக் கரித்துவிட்டு வானத்துக்குப் போயிற்று. இன்று அவ்வடுப்பையே நாலு சுவருக்குள் ஏற்றி, கதவையும் தாழிட்டுக்கொள்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ வாயு செவ்வனே எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் நீரைச் சூடாக்கும் கருவி ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோவை எரித்துவிடும். குளியலறையோ 1.8 சதுர மீட்டர் இருந்தால் போதுமென்பது கட்டட விதி; அதிலுள்ள காற்று சுமார் நான்கு கன மீட்டரே. சாளரமும் அடைபட்டிருந்தால், கால் மணி நேரக் குளியலுக்குள் அதில் பாதிக்கு மேல் ஜ்வாலைக்கு இரையாகிறது. பிராணவாயு குறையக் குறைய ஜ்வாலை அரைகுறையாய் எரிந்து கார்பன் மோனாக்ஸைடைக் கக்குகிறது.

சிலிண்டர் வாயு கசிந்தால் நாற்றம் எச்சரிக்கும். அதற்கென்றே நாற்றப் பொருள் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலை சுற்றுகிறதே என்று எண்ணுபவர் தாழ்ப்பாளை எட்டுமுன் கால் தளர்ந்து விழுகிறார்.

இதற்கு யார் பொறுப்பு? வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுக்கும் 2017-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் அமுலில் உள்ளது. அதன் அட்டவணை கீஸர் பழுதுபார்ப்பதைக் குடியிருப்பவர்மேலும், கட்டட அமைப்பின் பழுதுகளைச் சொந்தக்காரர்மேலும் சுமத்துகிறது. ஆனால் பழுதே இல்லாத கீஸரும் காற்றில்லாத அறையில் ஆளைக் கொல்லும்! குடியிருப்பவர் சுவரில் துவாரமிட எண்ணினாலோ, சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதமின்றிச் செங்கல்லை அசைக்க முடியாது. அபாயத்தை அனுபவிப்பவருக்கு அதிகாரமில்லை. அதிகாரமுடையவர் அவ்வறையில் குளிப்பதில்லை. நம் வாசகர்களில் வீட்டுக்காரர் பலருண்டு. இதைப் படித்து அவர்கள் கோபிப்பதானால் கோபிக்கட்டும்.

பிரிட்டனில் 1998-ம் வருஷத்து வாயுப் பாதுகாப்பு விதிகள் இவ்விஷயத்தில் தெளிவானவை. வெளிக்காற்றையே இழுத்து வெளியிலேயே புகையைக் கழிக்கும் மூடிய கருவியன்றி வேறெதையும் குளியலறையில் புதிதாகப் பொருத்தலாகாது. வாடகை வீட்டிலுள்ள தமது வாயுக் கருவிகளைச் சொந்தக்காரர் 12 மாதத்துக்கொரு முறை, பதிவுபெற்ற நிபுணரைக்கொண்டு சோதிப்பித்து, அப்பத்திரத்தின் நகலைக் குடியிருப்பவருக்குக் கொடுக்கவேண்டும். மேனாட்டுக் கருவியை ஆவலோடு வாங்கிய நாம் அதனோடு பிறந்த விதியைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டுமென்று நடப்புச் சட்டமே சொல்கிறது. அதில், கீஸரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் இருக்கவேண்டும், வெந்நீர்க் குழாய் மட்டுமே உள்ளே வரலாம், அவ்வேலையைச் சொந்தக்காரர் தம் செலவில் செய்யவேண்டும் என்று ஒரு ஷரத்துச் சேர்க்க என்ன தடை? நாகர்கோவில் மாநகராட்சியும் வீட்டுப் படங்களை அங்கீகரிக்கும்போது அந்த இடத்தைக் காட்டும்படி கேட்கலாம்.

கருவி இன்னும் உள்ளேயே இருக்கும் வீடுகளில், கதவைத் திறந்து வைத்தே வாளியில் வெந்நீர் பிடியுங்கள். பிறகு ஜ்வாலையை அணைத்து, சிலிண்டரையும் மூடி, அறையில் காற்று மாறியபின் குளியுங்கள். குழந்தைகளைத் தனியே உள்ளே அனுப்பாதீர்கள்.