நரம்பு இல்லை என்றால் மின்துடிப்பும் இல்லையா?

 

என் பேரன் வைத்திருக்கும் கைடு ஒன்று, கடற்பஞ்சுக்கு நரம்பு இல்லை, ஆகவே அதன் உடலில் மின்துடிப்பும் ஓடாது என்கிறது. முதல் பாதி சரி. அந்த ‘ஆகவே’தான் தவறு. இன்னொரு பக்கம், கடற்பஞ்சில் மின்துடிப்பை அளந்துவிட்டார்களாம், அதனால் அதற்கும் மனம் உண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இங்கே அந்த ‘அதனால்’ தவறு.

34 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன். இரண்டும் ஒரே தவறுதான். மின்துடிப்பு என்றாலே நரம்பு, நரம்பு என்றாலே மனம் என்று இரு தரப்பும் முடிச்சுப் போட்டுவிட்டன.

உண்மையில் நடந்தது என்ன? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலில் ஒருவகைக் கண்ணாடிக் கடற்பஞ்சு வாழ்கிறது. சிலிக்காவால் ஆன முட்கள். அவற்றின்மேல் சிலந்திவலை போன்ற மெல்லிய திசு. அந்தத் திசுவின் பெரும்பகுதி தனித்தனிச் செல்களாகப் பிரிந்திருக்காது. தடுப்புச் சுவர் இல்லாத ஒரே கூடம் போல, ஒரே சைட்டோபிளாசத்தில் பல உட்கருக்கள் இருக்கும்.

அதன் உடலில் ஓரிடத்தைத் தூண்டினால் மற்ற இடங்களிலும் நீரோட்டம் நின்றுவிடுகிறது என்று லான், மேக்கி, சில்வர் ஆகிய மூவரும் 1981இல் காட்டினார்கள். ஏதோ ஒரு துடிப்பு பரவுகிறது என்பது தெரிந்தது. ஆனால் அந்த மெல்லிய திசுவில் மின்முனையை வைத்து அளப்பது பெரும்பாடு. சாலி லீசும் ஜார்ஜ் மேக்கியும் ஒரு வழி கண்டார்கள். கடற்பஞ்சின் திசுவைப் பிரித்தெடுத்து, அது மறுபடி சிறு கட்டிகளாகத் திரண்டதும், கடற்பஞ்சின் மேலேயே ஒட்டவைத்தார்கள். கட்டி உடலோடு இணைந்தது. அதன்மேல் மின்முனையை வைத்தார்கள், துடிப்பு பதிவானது. 1997இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது.

அதன் வேகம் நொடிக்குச் சுமார் 0.27 செ.மீ. மட்டுமே. நம் உடலின் வேகமான நரம்புகளில் நொடிக்கு 100 மீட்டர் வரை போகும். ஆனாலும் நீரை இறைப்பதை நிறுத்த இந்த வேகம் போதும். இதில் நரம்பும் இல்லை, மனமும் இல்லை. பிரிவில்லாத ஒரே திசு, அதன் சவ்வைக் கடக்கும் கால்சியம் அயனிகள், அவ்வளவுதான்.

இதை வைத்து எல்லாக் கடற்பஞ்சுக்கும் மின்துடிப்பு உண்டு என்று எழுதினால் அதுவும் தவறு. தனித்தனிச் செல்களால் ஆன மற்ற வகைகளில் இப்படி உடல் முழுதும் ஓடும் துடிப்பு காட்டப்படவில்லை. அவை வேதிப்பொருள்களின் துணையோடு மெதுவாகச் சுருங்கி விரிகின்றன.

ஆசிரியத் தோழர்களே, கைடைப் பார்த்துத் திருத்தினால், இதையெல்லாம் படித்துவிட்டு வந்து எழுதும் பிள்ளைக்குத்தான் மதிப்பெண் போகும். அடுத்த முறை அவன் கேள்வி கேட்கவே மாட்டான். எனக்குக் கவலை அதுதான். ‘உண்டா, இல்லையா’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘எப்படி அளந்தார்கள்?’ என்றும் வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள்.