லைனில் நின்று இரண்டு பேர் கத்தினால்...



பின்னேரம் கிரான் பக்கம் பொடியன்கள் பந்தடிப்பதைப் பார்க்க நின்றால் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. ஒரு பக்கம் பழைய விளையாட்டு சேர், "பின்னுக்கு வா, இடத்தைக் காப்பாற்று!" என்கிறார். மறுபக்கம் இப்போதுதான் பயிற்சி முடித்து வந்த இளம் கோச், "ஏறிப் போ, பந்தைப் பறி!" என்கிறார். நடுவில் நிற்கும் பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறான். அதற்குள் கோல் விழுந்துவிடும். ஏச்சு வாங்குவதும் அவன்தான்.

இரண்டு பேர் சொல்வதிலும் பிழை இல்லை. பேசி ஒன்றாக்க வேண்டியதை ஒன்றாக்காமல் பிள்ளையின் தலையில் போடுவதுதான் பிழை.

1996 உலகக் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். கோச் டேவ் வட்மோர் கொழும்பில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, அந்த நாட்டுக்காக 7 டெஸ்ட் ஆடியவர். அவர் கொண்டுவந்தது உடற்தகுதியும் ஒழுங்கும். அவரைவிடப் பத்து வயது இளையவரான கேப்டன் அர்ஜுன ரணதுங்கவிடம் இருந்தது நம் மண்ணின் துணிச்சலும் தந்திரமும். ஒன்று மற்றதை விழுங்கவில்லை.

அந்த அணியில் ஜயசூரியவும் களுவிதாரணவும் முதல் 15 ஓவரிலேயே அடித்தாடினார்கள். டெல்லியில் இந்தியாவுக்கு எதிராக மூன்று ஓவரில் 42 ஓட்டம். ஆனால் கொல்கத்தா அரையிறுதியில் இருவரும் முதல் ஓவரிலேயே அவுட். லாகூர் இறுதியில் 23 ஓட்டத்துக்கு இருவரும் போனார்கள். அப்போது தாங்கியது அரவிந்த டி சில்வாவின் பழுத்த அனுபவம். இறுதியில் அவர் ஆட்டமிழக்காமல் 107. புதிய முறை தோற்றால் விழுந்துவிடாமல் பிடிக்க, பின்னால் பழைய முறை நின்றது. அந்த நம்பிக்கையில்தான் முன்னால் போனவர்கள் பயமில்லாமல் அடித்தார்கள்.

கலப்பது என்றால் பாதிப் பாதி பிரிப்பதல்ல. எதை எங்கே வைப்பது என்று தெரிவது.

மூத்தவர்களான எங்களிடம் ஒரு குறை உண்டு. "நேற்று வந்த பொடியன்" என்று ஒரு சொல்லில் ஆளை மடக்கிவிடுவோம். பொறுப்பைக் கொடுத்துவிட்டு, முதல் தோல்வியிலேயே பறித்துக்கொள்வோம். இளம் கோச்மாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். போனில் பார்த்த ஐரோப்பிய ஆட்டத்தை, காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையிடம், மணல் மைதானத்தில், பங்குனி வெயிலில் தொண்ணூறு நிமிடம் கேட்காதீர்கள். அவன் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று அந்தப் பழைய சேருக்குத் தெரியும். கேளுங்கள்.

வாதம் வரட்டும், வர வேண்டும். ஆனால் அது முதல் நாளே, கதவைச் சாத்திக்கொண்டு, மஷூராவாக முடியட்டும். தாக்குதலை இளையவரிடம் கொடுத்தால் முழுதாகக் கொடுப்போம். மைதானத்தில் ஒரே குரல் கேட்கட்டும். தோற்றால் மூத்தவர் முன்னுக்கு வந்து, "முடிவு என்னுடையது" என்று சொல்லட்டும்.

ஏனென்றால், தோற்ற ஆட்டத்தைப் பிள்ளைகள் ஒரு கிழமையில் மறந்துவிடுவார்கள். பெரியவர்கள் தங்களை வைத்துச் சண்டை பிடித்ததை மறக்க மாட்டார்கள். அப்படிப் பந்தை விட்டுப்போன பொடியன்களை நாங்கள் கண்டிருக்கிறோம். இனியும் ஒருவன் போக வேண்டாம்.