திபெத்துக்கும் தைவானுக்கும் வாய் திறப்போம்!



2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். வெண்ணெய் உருண்டைப் பாறை முன் மோடியோடு கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவர் கண்ணில் ஒரு திபெத்தியக் கொடிகூடப் பட்டுவிடக் கூடாதென்று, சென்னையில் படித்துக்கொண்டிருந்த திபெத்திய மாணவர்களைக் காவல்துறை கைது செய்தது. திபெத்தியக் கவிஞர் தென்சின் சுண்டுவே விழுப்புரம் மாவட்டத்திலேயே மடக்கப்பட்டார். நம் வாசலில் நடந்த இந்த அநியாயத்தை நம்மில் எத்தனை பேர் கண்டித்தோம்? பாலஸ்தீனத்துக்காக அன்றைக்கே வீதிக்கு வருகிற நமக்கு, சீனா என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. செங்கொடி ஏந்தியவர்கள் ஒடுக்குவார்களா என்கிற பழைய தயக்கம் அது. அதை இன்றே உதறுவோம்!

1951 மே 23 அன்று பெய்ஜிங்கில் சீனாவுக்கும் திபெத்துக்கும் இடையே கையெழுத்தான 17 அம்ச ஒப்பந்தம் என்ன சொன்னது? திபெத்தின் அரசியல் அமைப்பையும் தலாய் லாமாவின் நிலையையும் மாற்ற மாட்டோம் என்றது. ஏட்டுச் சுரைக்காய்! 1959 மார்ச் 10 அன்று தங்கள் தலைவரைக் காக்க லாசா மக்கள் நோர்புலிங்கா அரண்மனையைச் சூழ்ந்து நின்றார்கள். பத்தே நாளில் அங்கே பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. 1979இல் சீனத் தலைவர் டெங் சியாவோபிங், விடுதலை தவிர எதையும் பேசலாம் என்றார். தலாய் லாமாவும் தன்னாட்சி போதும் என்று இறங்கிவந்தார். 2002 முதல் 2010 வரை ஒன்பது சுற்றுப் பேச்சு நடந்தது. கண்ட பலன் எதுவுமில்லை.

1995இல், தலாய் லாமாவுக்கு அடுத்த நிலைத் துறவியான பஞ்சென் லாமாவாக அறிவிக்கப்பட்ட ஆறு வயதுச் சிறுவன் கெதுன் சோக்கி நியிமாவை மூன்றே நாளில் சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். இன்றுவரை வெளியுலகம் அவரைப் பார்க்கவில்லை. இப்போது, மறுபிறவி எடுப்பதாக நம்பப்படும் தலாய் லாமாவின் அடுத்த பிறவியையும் தாங்களே தேர்வோம் என்கிறார்கள். நமக்கு மறுபிறவியில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். கடவுளே இல்லை என்கிற கட்சிக்கு மறுபிறவிக்கு உரிமம் வழங்கும் வேலை எதற்கு என்று கேட்க, பகுத்தறிவாளர்களைவிடத் தகுதியானவர் யார்? சுமார் 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகள் குடும்பத்தைப் பிரிந்து உறைவிடப் பள்ளிகளில் சீன மொழிக்குள் அடைபடுவதாக ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் 2023இல் எச்சரித்தார்கள். தாய்மொழிக்காகச் சிறை சென்ற மரபு நம்முடையது. இதற்கும் மௌனமா?

தைவான் அமெரிக்காவின் கைப்பாவை என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: அமெரிக்கா அன்று முட்டுக்கொடுத்தது சியாங் கை ஷேக்கின் சர்வாதிகாரத்துக்கு. 38 ஆண்டு ராணுவச் சட்டத்தை 1987இல் விலக்க வைத்தவர்கள் சிறைக்கு அஞ்சாத தைவான் மக்கள். 1996இல் அவர்கள் முதன்முறையாக அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க இருந்தபோது, கீலுங், காவோசியுங் துறைமுகங்களை ஒட்டிய கடலில் சீனா ஏவுகணைகளை வீசியது. நூற்றுக்கு 76 பேர் வாக்குச்சாவடிக்குப் போய்ப் பதில் சொன்னார்கள். 2019இல் 'ஒரு நாடு, இரு அமைப்பு' என்று ஷி ஆசை காட்டினார். அதே ஏற்பாட்டில் இருந்த ஹாங்காங் மக்கள் அந்த ஆண்டே தெருவில் அடிபட்டார்கள். மறு ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் வாயைக் கட்டியது. அந்தச் சட்டத்துக்கு முன்பே நடந்த அதிபர் தேர்தலில் சாய் இங்-வென்னுக்கு 81 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அள்ளித் தந்து தைவான் அந்த ஆசைவலையை அறுத்தெறிந்தது.

நம் சண்டை சீன மக்களோடு அல்ல. மக்களாட்சி கேட்டதற்காகச் சிறைப்பட்டு, 2017இல் காவலிலேயே உயிர்விட்ட லியூ சியாவோபோவும் நம் தோழர்தான். மக்களின் சம்மதம் இல்லாத ஆட்சி எந்த நிறக் கொடியின் கீழ் நடந்தாலும் ஆதிக்கமே.

ஆகவே தோழர்களே, வரும் மார்ச் 10 அன்று ஊர்தோறும் கூடுவோம். நான்கு கோரிக்கைகளை முழங்குவோம்:

பஞ்சென் லாமா எங்கே? சீன அரசே, பதில் சொல்!

திபெத்தியக் குழந்தைகளைத் தாய்மொழியில் படிக்க விடு!

தைவானின் எதிர்காலத்தைத் தைவான் மக்களே தீர்மானிக்கட்டும்!

இந்திய அரசே, தமிழக அரசே, சீனத் தலைவர்கள் வரும்போதெல்லாம் திபெத்தியரைச் சிறைப்பிடிப்பதை நிறுத்து!

உங்கள் சங்கத்தில், கல்லூரியில், வாசகர் வட்டத்தில் இந்த வாரமே பேச்சைத் தொடங்குங்கள். அருகில் திபெத்தியர் இருந்தால் அவர்களைப் பேச அழையுங்கள். மேடையை அவர்களுக்குக் கொடுங்கள். உங்கள் கட்சித் தலைமை தயங்கினால், தீர்மானம் கொண்டுவந்து வாக்கெடுப்புக் கேளுங்கள். அடுத்தவன் நாட்டில் ஜனநாயகம் கேட்கிறவன் அதைத் தன் கட்சியிலிருந்தே தொடங்கட்டும்!