வீடும் தோட்டமும்: சருகை எரித்தல் வேண்டா

தலைநகரில் வாழும் நம்மவர்க்கு இலையுதிர் காலம் மாசி பங்குனியில் வருகின்றது. வேம்பும் அரசும் தம் பழைய இலைகளை அம்மாதங்களிலேதான் உதிர்க்கின்றன. முற்றமும் தெருவோரமும் சருகால் நிறைந்துவிடும். அதனைப் பெருக்கிக் குவித்துத் தீ மூட்டிவிடுதலே எளிய வழியெனப் பலர் கருதுகின்றனர். எளியதாயினும் அது நல்வழியன்று.

சருகுப் புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. குழந்தைகளும் முதியோரும் இரைப்பு நோயுடையோரும் அதனால் பெரிதும் அல்லற்படுவர். குவியலருகே நின்று தீ மூட்டும் துப்புரவுத் தொழிலாளரோ அப்புகையை நேரே சுவாசிக்கின்றார். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில், தில்லியில் குப்பையும் இலையும் எரிப்போர்க்கு 5,000 ரூபாய் தண்டம் விதித்தது. 2016 டிசம்பரில், திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. தண்டத்திற்கு அஞ்சி எரிக்காதிருப்பதினும், சருகின் பயனறிந்து எரிக்காதிருப்பதே மேலன்றோ?

அப்பயனை உலகறியச் செய்த பெருமை நம் நாட்டு இந்தூருக்கு உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை அங்கே பணியாற்றினார். செடிகொடிக் கழிவையும் சாணத்தையும் மண், சாம்பலுடன் அடுக்கி மக்கச் செய்யும் முறையை வகுத்தார். இந்நாட்டு உழவரைத் தம் ஆசிரியராகப் போற்றியவர் அவர். அம்முறை இன்றும் 'இந்தூர் முறை' என்றே வழங்குகின்றது.

இல்லத்தில் செய்வதும் அரிதன்று. முற்றமுடையோர் மூன்றடி நீள, அகல, உயரமுள்ள குவியல் அமைக்கலாம்; மாடியில் வாழ்வோர்க்குப் பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட பழைய பீப்பாய் போதும். சருகு மூன்று பங்கும், பச்சைக் கழிவு ஒரு பங்கும் மாறி மாறி அடுக்குக. காய்கறித் தோல், வெட்டிய புல், நம் இல்லங்களில் நாள்தோறும் மிஞ்சும் காப்பிச் சக்கை ஆகியன பச்சைக் கழிவாகும். அடுக்குதோறும் ஒரு பிடி மண் தூவி நீர் தெளிக்க வேண்டும். கையிலெடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசியும் ஈரமே அளவு. மாவிலை போன்ற தடித்த இலைகளை நொறுக்கி இடுக. எண்ணெய்ப் பண்டங்களும் புலாலும் நோயுற்ற செடிகளும் ஆகா.

பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிடுதல் வேண்டும். உள்ளே சூடு பிறப்பின் நுண்ணுயிர்கள் செவ்வனே தொழில் புரிகின்றன என்பது பொருள். நாற்றம் எழுந்தால் சருகு சேர்க்க. சூடு பிறவாவிடில் பச்சைக் கழிவும் நீரும் சேர்க்க. பங்குனியில் தொடங்கினால், ஆடி மாத மழைக்குள் மண்மணம் கமழும் கரிய எரு கிடைக்கும். மழை நீர் உட்புகாமல் மூடிவைத்தல் நன்று. ஒரு பங்கு எருவை இரு பங்கு மண்ணுடன் கலந்து, கறிவேப்பிலைத் தொட்டிக்கும் துளசி மாடத்திற்கும் இடலாம்.

இன்னுமொன்று: பெருக்குகின்றவரிடம் "எரிக்காதீர்" என்று மட்டும் உரைப்பது முறையாகாது. குவித்த சருகைக் கொண்டுபோய் இட அவர்க்கு ஓர் இடம் வேண்டும். குடியிருப்பின் மூலையில் பொதுக் குழியொன்றை அமைத்துத் தருவது அங்கு வாழும் அனைவரின் கடமையாகும். அடுத்த மாசி வருமுன் அதனை முடித்தல் நலம்.