கடையை மூடாமல் கணக்கை மாற்றுவது எப்படி?

மளிகைக் கடைப் பேரேட்டில் தேதி, பெயர், தொகை என்று பத்திகள் உண்டு. புதிதாக ஒரு பத்தி வேண்டுமானால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? இரவு கடையைச் சாத்திய பிறகு, புது நோட்டில் கோடு போடுவார். பழைய கணக்கைப் பார்த்து எழுதிக்கொள்வார்.

கம்ப்யூட்டரிலும் பேரேடு உண்டு. அதற்கு "அட்டவணை" என்று பெயர். பாங்கிப் பணம், ரெயில் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதில்தான் பதிவாகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம். அந்தக் கடைக்கு இரவே கிடையாது! நள்ளிரவிலும் யாரோ பணம் அனுப்புகிறார். யாரோ ஆஸ்பத்திரியில் சேருகிறார்.

இடம் போதவில்லை!

அமெரிக்காவில் 2018-ல் 'பேஸ்கேம்ப்' என்ற பெயரில் ஒரு கம்பெனி இருந்தது. ஆபீஸ் வேலைகளைப் பங்கிட்டுக் கவனிக்க உதவுவது அதன் தொழில். அங்கே ஓர் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. அந்தப் பத்தியில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் அப்போது எழுத முடிந்தது. 2018 நவம்பர் 8-ந் தேதி எண் அந்த எல்லையைத் தொட்டது. அடுத்த வரி எழுத இடமில்லை!

நிலைமை சீராக ஏறக்குறைய 5 மணி நேரம் பிடித்தது. அதுவரை வாடிக்கையாளர்கள் பழையதைப் படிக்கலாம். புதிதாக எதுவும் எழுத முடியாது.

வழி என்ன?

முன்கூட்டியே செய்தால் இந்தத் தொல்லை இல்லை. புதிய அமைப்பில் முதலில் ஒரு காலி அட்டவணை தயாராகிறது. பழைய வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஏறுகின்றன. அதற்குள் பழையதில் யாராவது திருத்தம் செய்தால், அந்தத் திருத்தமும் புதியதில் ஏறிவிடும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்த பின், நொடிப்பொழுதில் பெயர் மாறுகிறது. பழையதன் இடத்தில் புதியது உட்காருகிறது!

பழையதை உடனே அழிக்கக்கூடாது. பின்னால் பிழை தெரிந்தால் அதுதான் சாட்சி.

நகல் எங்கே?

காப்பு நகலும் வேண்டும். 2017 ஜனவரி 31-ந் தேதி 'கிட்லேப்' கம்பெனியில் ஓர் ஊழியர், கம்ப்யூட்டர் மாறிக் கட்டளையிட்டு, நடப்புத் தகவலையே அழித்துவிட்டார். நகலைத் தேடினார்கள். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய நகல் எடுக்கப்படவே இல்லை! சுமார் 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல் கைகொடுத்தது. அதற்குப் பிந்திய பதிவுகள் போனது போனதுதான்.

ஆகவே, "நகல் இருக்கிறது" என்ற நம்பிக்கை மட்டும் போதாது. அதிலிருந்து தகவலைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அவசரம் ஆகாது

ஒரு முதியவரின் பென்ஷன், ஒரு குடும்பத்தின் ரேஷன் கார்டு, ஒரு மாணவியின் மார்க்கு எல்லாம் இன்று ஏதோ ஓர் அட்டவணையில் ஒரு வரி. கணக்கை வைத்திருப்போருக்கு அது கோடியில் ஒன்று. உரியவருக்கோ அது ஒன்றே ஒன்று!

எனவே, மக்கள் கணக்கைக் கையில் வைத்திருப்போர் இடம் நிறையும்வரை காத்திருக்கக்கூடாது. மாற்றத்தை முதலில் நகலில் ஒத்திகை பார்க்க வேண்டும். "இன்று இரவே முடி" என்று மேலதிகாரிகள் விரட்டவும் கூடாது. ஒரு வாரம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம். அழிந்த வரியை யார் எழுதித் தருவது?