பெயருக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை

அமெரிக்க கிட்டார்களின் நகல்கள் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவற்றை இன்று இசைக்கலைஞர்கள் தேடிப்பிடித்து வாங்குகின்றனர். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் ஜப்பானில் உருவான எலெக்ட்ரிக் கிட்டார்கள் அவை. அடமானப் பொருளின் மதிப்பை அதன் பெயரிலிருந்து பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அப்பழக்கத்தோடு நோக்கினால், இந்த மோகத்தில் பாதி நியாயமானது. மறுபாதி வெறும் வதந்தி.

நியாயமான பாதி, வேலைப்பாடு. தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்து கைதேர்ந்த மத்சுமோகு, 1960இல் தொடங்கிய ஃபுஜிகென் ஆகிய இரண்டும் மத்சுமோட்டோ நகரில் இயங்கின. ஃபெண்டரே 1982இல் இரு ஜப்பானிய வணிக நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து, தன் பெயரிலேயே கிட்டார் செய்யும் பணியை ஃபுஜிகென்னிடம் ஒப்படைத்தது. நகலெடுத்தவனிடமே மூலவன் வேலை கொடுத்தான் என்றால், அதைவிட வேறு நற்சான்று வேண்டுமா?

வதந்தி, 'வழக்குக் கிட்டார்' என்னும் அடைமொழி. 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனேஸ் கிட்டார்களை விற்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது உண்மை. வழக்கு, கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது மட்டுமே. மறு ஆண்டே சமரசத்தில் முடிந்தது. தரத்தைப் பற்றி எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. இருப்பினும், அவ்வழக்கோடு எத்தொடர்பும் இல்லாத கிட்டார்களையும் அப்பெயர் சூட்டிக் கூடுதல் விலைக்கு விற்கின்றனர். அந்தக் கூடுதல் தொகையைத் தருவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

இவற்றின் மலிவுக் காலத்தை முடித்தது நாணய மாற்று விகிதம். 1985 செப்டம்பரில் பிளாசா உடன்படிக்கை கையெழுத்தாகுமுன் ஒரு டாலருக்குச் சுமார் 240 யென். 1987 முடிவில் 130க்கும் கீழ். மலிவு விலைக் கிட்டார்களின் உற்பத்தி கொரியாவுக்கு நகர்ந்தது. மத்சுமோகு 1987இல் மூடப்பட்டது.

பழையது என்பதற்காகவே எல்லாம் நல்லதாகிவிடாது. ஒரே நிறுவனம் ஒரே வடிவத்தைப் பல தரங்களில் செய்தது. அன்றைய டோக்காய், கிரெகோ கிட்டார்களின் மாதிரி எண்ணிலேயே பெரும்பாலும் விலை ஒளிந்திருக்கும்: டோக்காய் எல்எஸ் 80 என்றால் 80,000 யென், கிரெகோ இஜி 500 என்றால் 50,000 யென். வாங்க எண்ணுவோர், விற்பவர் சொல்லும் வழக்குக் கதையைக் கேட்குமுன் அந்த எண்ணைக் கேட்கலாம். பிக்கப்புகளும் முறுக்காணிகளும் மாற்றப்படாதவையா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.